அமர்ந்த மெல்லிய சத்தம்

வணக்கம். உங்களில் யாருக்கும் என் முகம் தெரியாது. நீங்கள் அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கலாம், கடையில் கல்லாவுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கலாம். எங்கிருந்தோ ஒரு குரல் மட்டும் வருகிறது, ஆள் இல்லை. கடவுள் தம்மை மனிதருக்கு எப்படித் தெரியப்படுத்துகிறார் என்பதில் கிறிஸ்தவர்களின் நம்பிக்கை என்ன, அதைப் பற்றிப் பேசுங்கள் என்று கேட்டார்கள். ரேடியோவை விட இதற்குப் பொருத்தமான இடம் கிடைக்காது என்று உடனே சரி சொல்லிவிட்டேன்.

நான் போதகரும் இல்லை, இறையியல் பேராசிரியரும் இல்லை. முப்பது வருஷம் ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்குக் கதை சொன்னவன், அவ்வளவுதான்.

ஒரு வருஷம் வேதாகமத்தில் வரும் தீர்க்கதரிசி எலியாவின் கதையை நாடகமாகப் போட்டோம். கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். எலியா ஓரேப் மலையில் ஒரு கெபியில், அதாவது குகையில், ஒளிந்திருக்கிறார். பெருங்காற்று அடிக்கிறது, அதில் கர்த்தர் இல்லை. பூமி அதிர்கிறது, அதிலும் இல்லை. அக்கினி வருகிறது, அதிலும் இல்லை. 'அக்கினிக்குப்பின் அமர்ந்த மெல்லிய சத்தம் உண்டாயிற்று' என்று தமிழ் வேதாகமம் சொல்கிறது. காற்றுக்கு ஒரு பெரிய மின்விசிறி, பூமியதிர்ச்சிக்குத் தகரம், அக்கினிக்கு டார்ச் விளக்கின் மேல் சிவப்புக் கண்ணாடித்தாள். தகரம் தட்டப் பையன்களுக்குள் அடிதடியே நடந்தது. அந்தக் கடைசிச் சத்தமாக நடிக்க மட்டும் யாரும் வரவில்லை. வகுப்பில் வாயே திறக்காத ஒரு சிறுமிக்கு அதைக் கொடுத்தேன். வசனம் ஒன்றே ஒன்று: 'எலியாவே, இங்கே உனக்கு என்ன காரியம்?'

அன்றைக்குத் தகரச் சத்தத்தில் கைக்குழந்தைகள் எல்லாம் அழுதுவிட்டன. அப்புறம் இந்தப் பிள்ளை வந்து நின்று சொல்லிற்று. முதல் வரிசைக்குக்கூடக் கேட்கவில்லை. பின்னாலிருந்து ஒருவர், 'சத்தமாச் சொல்லு பாப்பா!' என்று கத்தினார். திரைக்குப் பின்னால் நின்ற நானும் கத்தினேன். மெல்லிய சத்தத்தைப் பார்த்து 'சத்தமாகச் சொல்லு' என்று சபை முழுக்கக் கத்துகிறது! அந்த நேரத்தில் எனக்கு எரிச்சல்தான். வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்த பிறகுதான் சிரிப்பு வந்தது, கூடவே கொஞ்சம் வெட்கமும்.

அதற்குப் பிறகு நான் அந்த ஒரு வசனத்தை விடவே இல்லை. எபிரெய மூலத்தில் அது மூன்றே சொல்: 'கோல் தெமாமா தக்கா'. கோல் என்றால் குரல், தெமாமா என்றால் மௌனம், அமைதி. தக்கா என்றால் மெலிந்தது, நுண்ணியது. மெலிந்த மௌனத்தின் குரல்! அது சத்தமா, சத்தம் இல்லாததா என்றே சொல்ல முடியவில்லை. நம் தமிழில் 'அமர்ந்த' என்று போட்டார்களே, அதை நினைத்துப் பாருங்கள். காற்று அமர்ந்தது என்கிறோம் இல்லையா, அந்த அமர்ந்த.

சரி, இதில் எனக்குப் பிடித்த விஷயத்தைச் சொல்கிறேன், வீட்டில் பல தடவை கேட்டுச் சலித்துவிட்டார்கள், நீங்கள் கேளுங்கள். இதற்கு முந்தின அதிகாரத்தில்தான் கர்மேல் மலையில், பாகால் என்ற வேறொரு தெய்வத்தின் தீர்க்கதரிசிகள் 450 பேருக்கு முன்னால், எலியா கேட்டதும் வானத்திலிருந்து அக்கினி இறங்கியது. அந்த அக்கினி கர்த்தருடையதுதான். அடுத்த அதிகாரத்தில் 'அக்கினியிலும் கர்த்தர் இருக்கவில்லை'. போன தடவை வந்த வழியிலேயே இந்தத் தடவையும் வருவார் என்று எதிர்பார்க்க முடியாது என்று நான் எடுத்துக்கொள்கிறேன். இன்னொன்று. ராணி யேசபேலுக்குப் பயந்து ஓடிவந்து, சூரைச்செடியின் கீழ் படுத்து, 'போதும் கர்த்தாவே' என்று சாகக் கேட்ட மனுஷனுக்கு முதலில் கிடைத்தது தரிசனம் இல்லை, தழலில் சுட்ட அடையும் தண்ணீரும். முதலில் சாப்பிடு என்கிறான் தூதன். நம் அம்மாக்கள் மாதிரி.

இன்னும் ஒன்று இருக்கிறது. 'இங்கே உனக்கு என்ன காரியம்' என்று கர்த்தர் இரண்டு தடவை கேட்கிறார், காற்றுக்கு முன்னால் ஒரு தடவை, மெல்லிய சத்தத்துக்குப் பின்னால் ஒரு தடவை. எலியா இரண்டு தடவையும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார், நான் ஒருவன் மாத்திரம் மீந்திருக்கிறேன் என்ற அதே புலம்பல். அவ்வளவு பெரிய அனுபவம் வந்தும் மனுஷன் மாறவில்லை! கர்த்தர் அதற்காகக் கோபிக்கவும் இல்லை, பாகாலுக்கு முழங்கால் முடக்காத 7,000 பேர் இருக்கிறார்கள், திரும்பிப் போய் வேலையைப் பார் என்று அனுப்பிவிடுகிறார்.

புதிய ஏற்பாட்டில் எபிரெயருக்கு எழுதின நிருபம், அதாவது கடிதம், எப்படித் தொடங்குகிறது தெரியுமா? முற்காலத்தில் 'பங்குபங்காகவும் வகைவகையாகவும்' தேவன் பேசினார், இந்தக் கடைசி நாட்களில் குமாரன் மூலமாய்ப் பேசினார் என்று. கிறிஸ்தவ நம்பிக்கையின் மையமே இந்த இடம்தான். கடவுள் தம்மைப் பற்றிய தகவலை அனுப்பிவிட்டு நிற்கவில்லை, இயேசு என்ற ஓர் ஆளாகவே வந்தார் என்பது. பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் 'பேசினார்' என்றுகூட இல்லை, 'திருவுளம்பற்றினார்' என்றிருக்கும். பெரியவர்கள் மனமிரங்கிச் சொல்வதற்கான பழைய சொல். இப்போது யாரும் சொல்வதில்லை, எனக்கு அது போனதில் வருத்தம்தான். தரங்கம்பாடியில் 1715-இல் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சடித்ததற்குப் பின்னால் இருந்ததும் இந்த நம்பிக்கைதானே. பேசுகிற கடவுள் என்றால் கேட்கிறவன் பாஷையில் பேச வேண்டாமா?

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரலைக் காட்டுகிறார்கள். மூன்று நிமிஷமாம்.

அப்படியானால் வானம், கடல், மலை எல்லாம்? 'வானங்கள் தேவனுடைய மகிமையை வெளிப்படுத்துகிறது' என்று 19-ஆம் சங்கீதம் சொல்கிறதே. படைப்பைப் பார்த்துப் பகுத்தறிவால் கடவுள் உண்டென்று அறியலாம் என்று கத்தோலிக்கத் திருச்சபை 1870-இல், முதலாம் வத்திக்கான் சங்கத்தில், அறிவித்தது. இதில் பெரிய சண்டையே உண்டு. 1934-இல் எமில் புருன்னர் என்ற இறையியலாளர் இயற்கை வழியாகவும் கடவுளைப் பற்றிய ஓர் அறிவு உண்டு என்று எழுத, இன்னொரு இறையியலாளர் கார்ல் பார்த் 'இல்லை!' என்ற தலைப்பிலேயே பதில் எழுதினார். வெறும் பிடிவாதம் என்று நினைக்காதீர்கள். அந்த வருஷம் ஜெர்மனியில் ஒரு கூட்டம் ஹிட்லரின் எழுச்சியிலும் இனத்திலும் ரத்தத்திலும் கடவுளின் வெளிப்பாட்டைப் பார்க்கிறோம் என்று சொல்லிக்கொண்டிருந்தது. அதற்கு எதிராகத்தான் அதே வருஷம் மே மாதம் ஜெர்மனியின் பார்மனில் ஓர் அறிக்கை வந்தது, நாங்கள் கேட்க வேண்டிய கடவுளின் ஒரே வார்த்தை இயேசு கிறிஸ்துவே என்று. யாராவது சத்தமாக 'இதோ கடவுள் இங்கே' என்று கத்தும்போது எனக்கு இந்த 1934-தான் ஞாபகம் வரும், தகரமும் ஞாபகம் வரும். ஆனாலும் மொட்டைமாடியில் நட்சத்திரம் பார்த்து நின்ற ராத்திரிகளை நான் கார்ல் பார்த்திடம் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

சிறுவன் சாமுவேலைப் பற்றிச் சொல்ல வைத்திருந்தேன். கர்த்தர் கூப்பிட்ட குரலைக் கிழவர் ஏலியின் குரல் என்று நினைத்து மூன்று தடவை அவரிடம் ஓடினானே, அந்தப் பையன். அதற்கு இனி நேரம் இல்லை. எம்மாவு ஊருக்கு நடந்த இரண்டு பேர், வழியெல்லாம் கூடவே நடந்த, உயிர்த்தெழுந்த இயேசுவை அடையாளம் தெரியாமல் பேசிக்கொண்டே போனார்கள். வீட்டில் பந்தியிருக்கும்போது அவர் அப்பத்தைப் பிட்டுக் கொடுத்தார், அப்போது தெரிந்தது. தெரிந்த அதே நொடியில் அவர் மறைந்துபோனார். லூக்கா 24-ஆம் அதிகாரம், முடிந்தால் இன்றைக்கு ராத்திரி வாசித்துப் பாருங்கள். விரல் கீழே இறங்கிவிட்டது. வணக்கம்.