தெருவில் வசூலாகும் பணம் தெருவுக்கே வரட்டும்

(தியாகராய நகர் வணிகர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத்தலைவர் அவர்களே, சங்கத்தின் தலைவர், செயலாளர், பொருளாளர் பெருமக்களே, ஒரே மாலையில் மூன்று நிகழ்ச்சிகளுக்கு நடுவே நமக்கு நேரம் ஒதுக்கி வந்திருக்கும் மாமன்ற உறுப்பினர் அம்மையார் அவர்களே, கூட்ட நெரிசல் நேரத்தில் வெளியே வருவது எவ்வளவு சிரமம் என்று தெரிந்தும் வந்து அமர்ந்திருக்கும் போக்குவரத்துக் காவல்துறை உதவி ஆணையர் அவர்களே, மாநகராட்சிச் செயற்பொறியாளர் அவர்களே, கடையை முன்னதாகவே அடைத்துவிட்டு வந்திருக்கும் வணிகப் பெருமக்களே, பின்னால் நின்றுகொண்டிருக்கும் தரைக்கடை நண்பர்களே, உங்கள் அனைவருக்கும் வணக்கம். நிற்கும் நண்பர்களுக்கு முன்வரிசையில் இடம் இருக்கிறது. தயவுசெய்து வந்து உட்காருங்கள். இன்றைய பேச்சில் பாதி உங்களைப் பற்றியது.

ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்பார்கள். இந்த ஒரு வரியைத்தான் இன்றைக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன்.

இந்த நகரை யாரும் கடைவீதியாகத் திட்டமிடவில்லை. 1920களில், நீதிக்கட்சி ஆட்சிக் காலத்தில், மாம்பலம் ஏரியைத் தூர்த்து, பனகல் பூங்காவை நடுவில் வைத்து, வீடு கட்டிக் குடியிருக்கப் போட்ட தெருக்கள் இவை. சர் பிட்டி தியாகராயர் பெயரை வைத்தார்கள். குடும்பத்தோடு காற்று வாங்க நடந்த தெருவில்தான் இன்று ஆடி மாதத்திலும் தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமையிலும் தோள் இடிக்காமல் நடக்க முடிவதில்லை. தெருவின் அகலம் மாறவில்லை. மாறியது நாம் அதன்மேல் ஏற்றிய பாரம்.

ஐந்து விஷயம் பேசுவதாக அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள்: நடைபாதை, தரைக்கடை, வண்டி நிறுத்தம், குப்பை, சரக்கு இறக்கும் நேரம். வரிசையாகவே போவோம்.

நடைபாதை. 2019 நவம்பரில் பாண்டி பஜாரில் நடைபாதை வளாகம் திறந்தார்கள். நல்ல வேலை, மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் அகலப்படுத்தியதோடு வேலை முடிந்துவிடாது. கடை வாசலை ஒட்டிய ஒரு மீட்டர் நடப்பதற்கு உதவாது. அங்கே கண்ணாடிக்குள் இருக்கும் பொம்மையின் புடவையைப் பார்த்துக்கொண்டு நாலு பேர் நிற்பார்கள், நிற்கவும் வேண்டும், அதுதான் வியாபாரம். சாலையோரத்தில் மரம், விளக்குக் கம்பம், மின்பெட்டி ஒரு மீட்டரை எடுத்துக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவில் தடையில்லாமல் இரண்டரை மீட்டராவது மிஞ்ச வேண்டும். உயரம் 15 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. தாண்டினால் வயதானவர்கள் ஏற மாட்டார்கள், சாலையில் இறங்கித்தான் நடப்பார்கள். கார் உள்ளே நுழையும் வாசல்களில் நடைபாதையை இறக்கி ஏற்றுகிறோமே, அது தவறு. நடைபாதை ஒரே மட்டமாகப் போகட்டும், கார் ஏறி இறங்கட்டும்.

ஸ்கூட்டர் ஏறாமல் இருக்கக் குட்டைத் தூண் நடுகிறோம். சக்கர நாற்காலி போக 1.2 மீட்டர் இடைவெளி விட வேண்டும். ஸ்கூட்டரின் கைப்பிடி அகலம் அதைவிடக் குறைவு. ஆக, தூண் காரைத் தடுக்கும், ஸ்கூட்டரைத் தடுக்காது. ஸ்கூட்டருக்கு வேறு இடம் காட்டாத வரை அது நடைபாதையில்தான் ஏறும். எங்கே தொடங்கினாலும் வண்டி நிறுத்தத்தில்தான் வந்து நிற்கிறோம், கவனியுங்கள்.

தரைக்கடை. 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம் தெளிவாக இருக்கிறது. ஐந்து ஆண்டுக்கு ஒரு முறையாவது கணக்கெடுப்பு, அடையாளச் சான்று, நகர விற்பனைக் குழு. அந்தக் குழுவில் நாற்பது சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளே இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒருவர் பெண். தரைக்கடையைத் தூக்கி மாடிக் கட்டடத்துக்குள் வைத்தால் என்ன ஆகும்? பத்து ரூபாய் ஹேர்பின் வாங்க யாரும் மாடி ஏற மாட்டார்கள். நடந்து போகிறவர் கண்ணில் பட்டால்தான் அந்தச் சரக்கு விற்கும். ஆகவே கடைக்காரரும் தரைக்கடைக்காரரும் ஒரே மேசையில் உட்கார்ந்து, தரையில் கோடு போட்டு, எண் எழுதி, இடத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள். அவர் ஒரு வடம், நீங்கள் ஒரு வடம். ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும்.

இப்போது வண்டி நிறுத்தம். இதற்கு ஒரு ஊரின் கதையைச் சொல்ல அனுமதியுங்கள். கொஞ்சம் நீளும்.

அமெரிக்காவில், லாஸ் ஏஞ்சலிஸ் பக்கத்தில் பாசடீனா என்று ஓர் ஊர். அதன் பழைய கடைவீதி ஒரு காலத்தில் ஓகோ என்று இருந்தது. 1970களில் பாழடைந்து, இடித்துத் தள்ளலாமா என்று பேசும் நிலைக்கு வந்துவிட்டது. தெருவில் வண்டி நிறுத்தக் கட்டணமே இல்லை, இரண்டு மணி நேர வரம்பு மட்டும் உண்டு. சரி, இலவசமாக நிறுத்த இடம் இருந்தால் வாடிக்கையாளர் குவிய வேண்டும் அல்லவா? வரவில்லை. ஏன் வரவில்லை? அந்த இடத்தில் நின்றது யார் வண்டி? கடை ஊழியர்களின் வண்டி! காலையில் வந்ததும் கடை வாசலிலேயே நிறுத்துவார்கள். இரண்டு மணி நேரம் ஆனதும் வெளியே வந்து, அபராதம் விழாமல் வண்டியை நாலடி நகர்த்தி வைத்துவிட்டு மறுபடி உள்ளே போவார்கள். வாங்க வந்தவர் இரண்டு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு வேறு ஊர்க் கடைக்குப் போய்விடுவார். உள்ளே முதலாளி கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, வியாபாரம் இல்லையே என்று உட்கார்ந்திருப்பார். அந்த ஊர்க் கதையைத்தான் சொல்கிறேன். உங்களில் சிலர் தலையைக் குனிந்துகொள்கிறீர்கள்.

வண்டி நிறுத்தக் காசு போடும் மீட்டர் கருவி வைக்கலாம் என்றது நகராட்சி. வைத்தால் வருகிற கொஞ்சம் பேரும் வரமாட்டார்கள் என்று வணிகர்கள் எதிர்த்தார்கள். அப்போது நகராட்சி ஒரு வார்த்தை சொன்னது: மீட்டரில் வரும் பணம் முழுவதையும் இந்தக் கடைவீதிக்கே செலவழிப்போம். அவ்வளவுதான், பேச்சு மாறிவிட்டது. எதிர்த்தவர்களே ஞாயிற்றுக்கிழமையும் இரவிலும்கூட மீட்டர் ஓடட்டும் என்று ஒப்புக்கொண்டார்கள். 1993இல் சுமார் 690 மீட்டர் கருவிகள் வைத்தார்கள், மணிக்கு ஒரு டாலர். அந்த வருமானத்தைக் காட்டி 50 லட்சம் டாலர் கடன் வாங்கி, நடைபாதை, மரம், விளக்கு, இருக்கை எல்லாம் முதலிலேயே செய்தார்கள். மூத்திர நாற்றம் வீசிய சந்துகள் நடந்து போகும் வழிகளாயின. உங்கள் காசு இதற்குத்தான் போகிறது என்று மீட்டரிலேயே எழுதி ஒட்டினார்கள். ஊழியர்கள் வண்டியைத் தள்ளி நிறுத்தினார்கள், வாங்க வந்தவருக்கு வாசலில் இடம் கிடைத்தது.

தேர் இழுக்கும்போது சக்கரத்துக்கு அடியில் முட்டுக்கட்டை போடுவதைப் பார்த்திருப்பீர்கள். போடுகிறவர் தேரைத் தடுக்கவா போடுகிறார்? திருப்பத்தில் தேரைத் திருப்பப் போடுகிறார். வண்டி நிறுத்தக் கட்டணம் அந்த முட்டுக்கட்டைதான்.

கணக்கைப் பாருங்கள். காலை பத்திலிருந்து இரவு பத்து வரை பன்னிரண்டு மணி நேரம். ஓர் இடத்தில் முதலாளியின் கார் நாள் முழுதும் நின்றால் அந்த இடத்துக்கு ஒரு வண்டி. மணிக்கு ஒருவர் மாறினால் பன்னிரண்டு வண்டி. கட்டணத்தை எவ்வளவு வைப்பது? எட்டு இடத்தில் ஒன்று எப்போதும் காலியாக இருக்கும்படி வைக்க வேண்டும். எல்லாம் நிரம்பினால் ஏற்றுங்கள், மூன்று நான்கு காலியாகக் கிடந்தால் இறக்குங்கள். புதன்கிழமை காலைக்கும் சனிக்கிழமை மாலைக்கும் ஒரே கட்டணம் கூடாது.

ஒரு மாதிரிக்கு 100 இடம், மணிக்கு 40 ரூபாய், நாளுக்கு எட்டு மணி நேரம் நிரம்புகிறது என்று வையுங்கள். ஒரு நாளைக்கு 32,000. மாதத்துக்கு 9,60,000. வசூல் செலவெல்லாம் போகப் பாதி மிஞ்சினாலும் 4,80,000 ரூபாய். உடைந்த கல்லை அன்றைக்கே மாற்றவும், கழிப்பறையை மணிக்கொரு தரம் கழுவவும், இரவுக் காவலுக்கு ஆள் போடவும் இந்தப் பணம் இருந்தால் யாரிடமும் மனு கொடுத்துக் காத்திருக்க வேண்டாம். இன்று இப்படி வரும் பணம் பொது நிதியில் கரைந்துவிடுகிறது. கட்டுகிறவருக்கு எரிச்சல், கடைக்காரருக்கு எரிச்சல்.

எங்கே கெட்டுப்போகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சீட்டு கொடுக்காமல் கையில் காசு வாங்குவது முதல் ஓட்டை. ஒவ்வோர் இடத்துக்கும் தரையில் எண் எழுதி, அந்த எண்ணோடு கைக்கருவியில் ரசீது அடித்தால் அன்றிரவே கணக்கு பிடிபடும். இரண்டாவது, கட்டணத்துக்குப் பயந்து வண்டிகள் பக்கத்துக் குடியிருப்புத் தெருவுக்குப் போய் நிற்கும். கட்டணம் தொடங்குகிற அதே நாளில் அந்தத் தெருக்களில் குடியிருப்போருக்கு அனுமதி வில்லை கொடுக்க வேண்டும். மூன்றாவது, சந்தா. சங்கம் கேட்டால் பத்துக் கடை தரும், ஐந்து கடை தராது, சுத்தமான தெருவில் மட்டும் பதினைந்தும் வியாபாரம் செய்யும். கனடாவில் டொராண்டோ நகரின் புளூர் வெஸ்ட் கடைவீதி வணிகர்களும் இதில் மாட்டிக்கொண்டு, எல்லாக் கடையும் கட்டியே ஆக வேண்டும் என்று சட்டம் கேட்டு, 1970இல் வாங்கினார்கள். கடைவீதி மேம்பாட்டு வட்டம் என்ற முறையே அங்கிருந்துதான் உலகுக்குப் பரவியது. ஊர் கூட வேண்டும் என்றால், கூடாதவரையும் கூட்ட ஒரு விதி வேண்டும்.

அம்மையார் அவர்களிடம் என் கோரிக்கை ஒன்றுதான். மாமன்றத்தில் ஒரு தீர்மானம்: வண்டி நிறுத்த வசூலில் சரிபாதி அந்தந்தத் தெருவின் தனிக் கணக்குக்கு, செலவு விவரம் மாதந்தோறும் தெருமுனைப் பலகையில். முழுவதையும் கேட்கவில்லை, முதலில் பாதி.

நேரம் முடிந்தது என்று சீட்டு வந்திருக்கிறது. குப்பையைப் பற்றி ஒன்றே ஒன்று: அட்டைப்பெட்டியை மடக்காமல் போடாதீர்கள், இரண்டே பெட்டியில் தொட்டி நிறைந்துவிடுகிறது. சரக்கு இறக்கும் நேரத்தை உதவி ஆணையர் அவர்கள் இருக்கும்போதே தனியாக உட்கார்ந்து பேசுவோம்.

வாசலில் ஒரு படிவம் வைத்திருக்கிறோம். வருகிற சனிக்கிழமை காலை பத்து முதல் இரவு ஒன்பது வரை, அரை மணிக்கு ஒரு முறை, உங்கள் கடை வாசலில் நிற்கும் வண்டிகளின் பதிவெண்ணில் கடைசி நாலு எண்ணை மட்டும் எழுதுங்கள். நாலு மணி நேரத்துக்கு மேல் வரும் எண்ணைச் சிவப்பு மையில் வட்டமிடுங்கள். அது உங்கள் வண்டியாக இருந்தாலும் வட்டமிடுங்கள். திங்கள்கிழமை காலை சங்க அலுவலகத்தில் வாங்கிக்கொள்வார்கள்.