கடைமடைக்குத் தண்ணி வரலீங்க

நடுவர் ஐயா அவர்களே, அட்டகாசமாகப் பேசிவிட்டு இப்போது சோடா குடித்துக்கொண்டிருக்கும் எதிரணி அண்ணன் அவர்களே, ஈரோட்டுப் பெரியவர்களே, தாய்மார்களே, இடம் கிடைக்காமல் பின்னால் நின்றுகொண்டே கேட்கும் கல்லூரிப் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கமுங்க.

தணிக்கை பற்றி நம் பத்திரிகைக் கட்டுரையாளர்கள் எழுதுவது சமூக நீதிக்குத் துணையா, தடையா? தலைப்பு இது. துணைதான் என்று சொல்ல அண்ணன் மூன்று சாட்சிகளைக் கூட்டிவந்தார். நெருக்கடி நிலையின்போது வெறுமையாக விடப்பட்ட தலையங்கம் முதல் சாட்சி. பெருமாள்முருகனுக்காக 2015இல் வந்த கட்டுரைகள் இரண்டாவது. மூன்றாவதாக, "இன்றைக்குத் தடை கேட்டுத் தெருவுக்கு வருகிறவர்களே சமூக நீதி பேசுகிறவர்கள்தான். அதைத் துணிந்து எழுதியவர்கள் கட்டுரையாளர்கள்" என்றார். கைதட்டல் பலமாக விழுந்தது. தட்டியவர்கள் யார் யார் என்று பார்த்து வைத்திருக்கிறேன். பந்தியில் பேசிக்கொள்வோம்.

முதல் சாட்சியை நான் குறுக்கு விசாரணை செய்யப்போவதில்லை. 1975 ஜூன் 28 அன்று தலையங்க இடத்தை வெள்ளையாக விட்டது இந்தியன் எக்ஸ்பிரஸ். அந்தத் துணிச்சலுக்கு நானும் கும்பிடு போடுகிறேன். ஆனால் ஒன்று கேட்க வேண்டும். வெள்ளையாக விடுவதற்கு முதலில் கையில் ஒரு பக்கம் இருக்க வேண்டுமே, அந்தப் பக்கம் யாரிடம் இருந்தது?

நம்ம கீழ்பவானி வாய்க்காலை எடுத்துக்கொள்ளுங்கள். தலைமடைக்காரருக்குத் தெரிந்த தடை ஒன்றுதான். பவானிசாகரில் மதகை மூடுவது. மதகைத் திறந்துவிட்டால் அவரைப் பொறுத்தவரை பிரச்சினை தீர்ந்தது. கடைமடைக்காரரைப் போய்க் கேளுங்கள். "மதகு திறந்து எத்தனையோ நாளாச்சுங்க, எங்களுக்குத் தண்ணி வரலீங்க" என்பார். நம் கட்டுரையாளர்கள் தலைமடையில் உட்கார்ந்துகொண்டு தணிக்கையைப் பற்றி எழுதுகிறார்கள். அரசாங்கம் மதகை மூடினால் உடனே பேனா எழும்புகிறது. வழியில் யார் யார் மடையை அடைத்தார்கள் என்ற கேள்வி அவர்கள் கட்டுரையில் வருவதே அபூர்வம்.

வாய்வார்த்தையாகச் சொல்லவில்லை. 1996இல் பி.என். உனியால் என்ற பத்திரிகையாளர் டெல்லியில் ஒரு தலித் செய்தியாளரையாவது கண்டுபிடிக்க முடியுமா என்று தேடினார். கிடைக்கவில்லை. அதையே கட்டுரையாகப் பயனியர் நாளிதழில் எழுதினார். அவரும் கட்டுரையாளர்தான், அந்த மரியாதை அவருக்கு உண்டு. அப்புறம் 23 வருடம் போனது. 2019இல் ஆக்ஸ்ஃபாம் இந்தியா என்ற தொண்டு நிறுவனமும் நியூஸ்லாண்ட்ரி என்ற செய்தித் தளமும் சேர்ந்து கணக்கெடுத்தார்கள். செய்தி நிறுவனங்களில் தலைமைப் பொறுப்பில் 121 பேர். அதில் 106 பேர் உயர்சாதியினர். தலித், பழங்குடியினர் எத்தனை பேர்? ஒருவர்கூட இல்லை. இந்த 121 பேரையும் எந்த அரசாங்கமும் உத்தரவு போட்டு உட்கார வைக்கவில்லை. எந்தச் சட்டமும் மற்றவர்களைத் தடுக்கவில்லை. அதனால்தான் தணிக்கை பற்றிய கட்டுரையில் இதற்கு இடமில்லை போலும்!

இரண்டாவது சாட்சிக்கு வருகிறேன். இங்கேதான் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வேன், நடுவர் ஐயா மணியைச் சற்றுத் தள்ளி வைக்கவும். இது நம்ம ஊர் விவகாரம்.

'மாதொருபாகன்' 2010இல் தமிழில் வந்த பெருமாள்முருகன் நாவல். நான்கு வருடம் நம் ஊரில் யாருக்கும் அதனால் காய்ச்சல் வரவில்லை. 2014 கடைசியில் திருச்செங்கோட்டில் புத்தகத்தை எரித்தார்கள், அடுத்த மாதம் கடையடைப்பு நடத்தினார்கள். 2015 ஜனவரி 12 அன்று நாமக்கல் ஆட்சியர் அலுவலகத்தில் 'அமைதிப் பேச்சுவார்த்தை' நடந்தது. எழுத்தாளரிடம் நிபந்தனையற்ற மன்னிப்பு எழுதி வாங்கினார்கள். விற்காத பிரதிகளைத் திரும்பப் பெற ஒப்புக்கொள்ள வைத்தார்கள். எழுத்தாளன் பெருமாள்முருகன் இறந்துவிட்டான் என்று அவர் அறிவித்தது அதற்குப் பிறகு. அந்த ஒப்பந்தம் யாரையும் கட்டுப்படுத்தாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்ல 2016 ஜூலை 5 வரை ஆனது.

கட்டுரைகள் வந்தன, மறுக்கவில்லை. அந்த ஜனவரி 7ஆம் தேதிதான் பாரிஸில் சார்லி ஹெப்டோ என்ற கேலிச்சித்திர இதழின் அலுவலகத்தில் தாக்குதல். இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டி, "மத உணர்வுக்கு எதிராகக் கருத்துச் சுதந்திரம்" என்று முழங்கியவர்கள் பலர். ஏனுங்க, திருச்செங்கோட்டில் வெறும் மதமா பேசியது? எங்கள் சாதிப் பெண்களை இழிவுபடுத்திவிட்டான் என்று அல்லவா கூட்டம் கூடியது? சாதி என்ற சொல்லை எழுதினால் பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றி எழுத வேண்டிவரும். பாரிஸ் என்றால் வசதி. அதைச் சரியாக எழுதியவர்களும் சிலர் இருந்தார்கள், ஆனால் தலையங்கப் பக்கத்தை நிறைத்தவர்கள் அவர்கள் இல்லை.

அடுத்த மாதமே கரூரில் புலியூர் முருகேசன் என்ற எழுத்தாளர் தன் சிறுகதைக்காகத் தாக்கப்பட்டார். வழக்கும் அவர் மேலேயே பதிவானது. அவரைக் கேள்விப்பட்டவர்கள் கையைத் தூக்குங்கள் பார்க்கலாம். எண்ணிவிடலாம் போல இருக்கிறதே! பெருமாள்முருகனுடையதைப் போல அவருடைய நூல் ஆங்கிலத்தில் வந்திருக்கவில்லை.

அதே 2015, ஜூன் மாதம். அதே திருச்செங்கோடு மலைக்கோயில். பொறியியல் படித்த ஒரு தலித் இளைஞர், வேறு சாதியைச் சேர்ந்த தன்னோடு படித்த பெண்ணோடு பேசிக்கொண்டிருந்தார். அங்கிருந்து கடத்தப்பட்டார். மறுநாள் பள்ளிபாளையம் பக்கம் ரயில் தண்டவாளத்தில் அவர் உடல் கிடந்தது. 2022 மார்ச்சில் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது.

கோயிலில் நின்று பேசிக்கொண்டிருந்த பையன் அவர். ஜனவரியில் நடந்ததைக் கருத்துச் சுதந்திரம் என்று நடுப்பக்கத்தில் போட்டார்கள். ஜூனில் நடந்ததைக் குற்றச் செய்தி என்று உள்பக்கத்தில் போட்டார்கள். யார் என்ன எழுதலாம், யார் யாரோடு பேசலாம் என்று ஊரில் முடிவு செய்வது ஒரே கைதான் என்று அந்த நடுப்பக்கக்காரர்களுக்குத் தோன்றவில்லை. எனக்கு அவர்கள் மேல் உள்ள பெரிய வருத்தம் இதுதான்.

சரி, மூன்றாவது சாட்சி. சமூக நீதிக்காரர்கள்தான் தணிக்கை கேட்கிறார்கள் என்பது. இதற்கு ஆதாரமாக 1951ஐத் தூக்கிக்கொண்டு வருவார்கள், அண்ணனும் வந்தார். முதலாவது அரசியல் சட்டத் திருத்தத்தில்தான் இட ஒதுக்கீட்டுக்கு வழி செய்த 15(4) வந்தது, பேச்சுக்குக் கடிவாளம் போட்ட 19(2) மாற்றமும் வந்தது, ஆகவே இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் என்றார்.

அந்தத் திருத்தத்துக்குக் காரணமான இரண்டு வழக்குகளும் நம் சென்னை மாநிலத்திலிருந்து போனவை. செண்பகம் துரைராஜன் வழக்கில், கல்லூரி இடங்களைச் சாதிவாரியாகப் பிரித்த வகுப்புவாரி அரசாணை செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். ரொமேஷ் தாப்பர் வழக்கில், 'கிராஸ் ரோட்ஸ்' வார இதழுக்கு மாநில அரசு போட்ட தடை செல்லாது என்றது. அந்தத் தடை வந்த நாளைப் பாருங்கள். 1950 பிப்ரவரி 11 அன்று பக்கத்துச் சேலம் சிறையில் 22 கம்யூனிஸ்ட் கைதிகளைச் சுட்டுக் கொன்றார்கள். மார்ச் 1 அன்று அந்த இடதுசாரி இதழுக்குத் தடை. கடிவாளம் அரசாங்கத்துக்குத் தேவைப்பட்டது. கல்லூரியில் இடம் கேட்ட பிள்ளைகள் கேட்டது கடிவாளம் இல்லை. அவர்கள் பக்கம் நின்றவர்கள் கூட்டம் போட்டார்கள், ஊர்வலம் போனார்கள், பத்திரிகையில் எழுதினார்கள். பேசித்தான் 15(4)ஐ வாங்கினார்கள்.

பேசுவதற்கு என்ன விலை என்பது இந்த ஊருக்குத் தெரியும். 1925 மே 2 அன்று பெரியாரின் 'குடிஅரசு' இதழ் தொடங்கியது இதே ஈரோட்டில். 1933இல் ஒரு தலையங்கத்துக்காகப் பெரியாரும், பதிப்பாளர் என்ற முறையில் தங்கை கண்ணம்மாளும் சிறைக்குப் போனார்கள். குடிஅரசு நின்றபோது 'புரட்சி' வந்தது, அதற்கும் நெருக்கடி வந்தபோது 'பகுத்தறிவு' வந்தது. 1936இல் சாதி ஒழிப்பு உரையில் சில பகுதிகளை எடுக்கச் சொன்னபோது, ஒரு காற்புள்ளியையும் மாற்ற மாட்டேன் என்றார் அம்பேத்கர். எடுக்கச் சொன்னது அரசாங்கம்கூட இல்லை, அவரைப் பேச அழைத்த சாதி ஒழிப்புச் சங்கம்! அந்த உரையைத் தமிழில் கொண்டுவந்ததும் நம்ம குடிஅரசுதான். இவர்களையா தணிக்கைக்காரர்கள் என்பது?

சமூக நீதிக்காகக் கொஞ்சம் கத்தரி போடலாம் என்று எழுதும் கட்டுரையாளர்களும் உண்டு. நம் அணிக்குச் சாதகமானவர்கள் போலத் தெரிவார்கள். அவர்களையும் நான் ஏற்கவில்லை. இட ஒதுக்கீட்டு முறையை விமர்சித்த 'ஒரே ஒரு கிராமத்திலே' படத்தின் சான்றிதழைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 1989இல் உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பிக் கொடுத்தது. போராட்டம் வரும், வன்முறை வரும் என்ற மிரட்டலுக்குப் பயந்து பேச்சை அடக்கக் கூடாது என்றது. அந்தப் படத்தின் கருத்தோடு எனக்குச் சண்டை உண்டு, தீர்ப்போடு இல்லை.

கத்தரி இன்று யாரை வெட்டுகிறது என்று பாருங்கள். 2025இல், சாதியை எதிர்த்த சீர்திருத்தவாதி ஜோதிராவ் புலே பற்றிய இந்திப் படத்தில் மகர், மாங் என்ற சாதிப் பெயர்களையும், பேஷ்வாக்களின் ஆட்சியைக் குறிக்கும் பேஷ்வாய் என்ற சொல்லையும் எடுக்கச் சொன்னது தணிக்கை வாரியம். மூவாயிரம் ஆண்டு அடிமைத்தனம் என்ற வசனத்தைப் 'பல ஆண்டு' என்று மாற்றச் சொன்னார்கள். ஒரு கையெழுத்தில் மூவாயிரம் வருடம் காணாமல் போனது! புலே பிறந்த நாளான ஏப்ரல் 11க்கு வர வேண்டிய படம் 25ஆம் தேதிதான் வந்தது. அப்போதும் சில கட்டுரையாளர்கள் எழுதினார்கள், "சாதியைப் பேசினால்தான் சாதி வளரும்" என்று. வாயை மூடு என்பதை இதைவிடப் பண்பாகச் சொல்ல முடியாது.

மணி அடித்துவிட்டார் ஐயா. ஒரே ஒரு கோரிக்கை, எனக்குப் பின்னால் வரும் எதிரணி அக்காவுக்கு. தணிக்கைக்கு எதிராகப் பத்துக் கட்டுரை எழுதிய பெரிய கட்டுரையாளர் ஒருவரைச் சொல்லுங்கள். தான் எழுதும் அதே பக்கத்தில் அந்த 121க்குள் ஏன் ஒரு தலித்கூட இல்லை என்று கேட்டு அவர் எழுதிய பதினோராவது கட்டுரையைக் காட்டுங்கள். உனியாலை நான் ஏற்கெனவே சொல்லிவிட்டேன், அவர் கணக்கில் வரமாட்டார். வணக்கமுங்க.