பேருந்தா, வாய்க்காலா?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, பொள்ளாச்சிப் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

நம்ம ஊர் நா. மகாலிங்கம் மக்களுக்கு அதிகம் கொடுத்தது தொழிலதிபராகவா, சட்டமன்ற உறுப்பினராகவா? சட்டமன்ற உறுப்பினராகத்தான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய அம்மா, மகாலிங்கத்தின் தந்தை நாச்சிமுத்துக் கவுண்டர் 1931-இல் தொடங்கிய ஏ.பி.டி. பேருந்திலிருந்து ஆரம்பித்தார்கள். சக்தி சர்க்கரை ஆலை, பாலிடெக்னிக், குமரகுரு கல்லூரி என்று வரிசையாகச் சொல்லி, அந்தச் சம்பளத்தில் அடுப்பெரிந்த வீடுகள் எத்தனை என்று கேட்டார்கள். உண்மை. அதை நான் மறுக்கவே மாட்டேன். ஆனால் அந்தச் சர்க்கரை ஆலை இருப்பது ஆப்பக்கூடலில், பவானிப் பக்கம். ஆனைமலை அடிவாரத்து விவசாயக் காட்டுக்கு எது உயிர் கொடுத்தது என்று பார்க்க வேண்டாமா?

எங்கள் அப்பாரு, அதாவது தாத்தா, உடுமலைப் பக்கம் மாடு பூட்டிக் கிணற்று நீர் இறைக்கும் கவலை ஓட்டியவர். விடிவதற்குள் மாட்டைப் பூட்டி, கிணற்றில் தண்ணீர் அற்றுப்போகும்வரை இறைத்தாலும் கால் ஏக்கர் நனையாது. மற்றதெல்லாம் வானம் பார்த்த பூமி, சோளமும் கம்பும்தான். தலைக்கு மேலே ஆனைமலையில் கொட்டோ கொட்டென்று மழை. அந்தத் தண்ணீர் நீராறாக, சோலையாறாக, பரம்பிக்குளமாக மேற்கே இறங்கிக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே காய்ந்த ஊர் இது.

அந்த ஆற்றை எந்த முதலாளி தன் காசைப் போட்டுத் திருப்பியிருக்க முடியும்? பரம்பிக்குளம் அணை இருக்கும் மண் கேரளத்துடையது. இன்றைக்கும் அணையைப் பராமரிப்பது தமிழ்நாடு. இரண்டு அரசுகள் உட்கார்ந்து பேசாமல் அங்கே ஒரு கல் நட முடியாது. கோட்டையில் ஒருவர் விடாமல் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது.

1952-இல் சட்டமன்றத்துக்குப் போனபோது மகாலிங்கத்துக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. 1957, 1962 என்று மறுபடியும் மறுபடியும் இந்த ஊர் அவரை அனுப்பியது. கிண்டியில் பொறியியல் படித்தவர், அதனால் அணை, சுரங்கம், சமமட்டக் கால்வாய் என்று பேசினால் அவருக்கு அது வெறும் வார்த்தை இல்லை. அவர் ஒருவரே செய்தார் என்று சொன்னால் அது பொய். வேட்டைக்காரன்புதூர் வி.கே. பழனிசாமிக் கவுண்டர் இருந்தார், அமைச்சர் சி. சுப்பிரமணியம் இருந்தார்; மேலே காமராஜர் இருந்தார். ஆனால் அந்த வட்டத்தில் பொள்ளாச்சியின் குரலாக இருந்தவர் நாம் ஓட்டுப் போட்டு அனுப்பியவர்.

1961 அக்டோபரில் நேரு வந்து பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டத்தை, நாம் பி.ஏ.பி. என்று சொல்வதை, தொடங்கிவைத்தார். இதில் என்னை எப்போதும் அசத்துவது ஒன்று உண்டு. கேரளத்தோடு ஒப்பந்தம் முறைப்படி கையெழுத்தானது 1970-இல்தான். ஆனால் 1958 நவம்பரிலிருந்தே செல்லும் என்று எழுதிக்கொண்டார்கள். அதாவது, கையெழுத்துக்குக் காத்திராமல், பேச்சை நம்பி மலையைக் குடைந்திருக்கிறார்கள்! அந்த நம்பிக்கையை எந்தக் கம்பெனி கணக்குப் புத்தகத்தில் எழுதுவது?

இன்று பி.ஏ.பி. பாசனம் கோவை, திருப்பூர் மாவட்டங்களில் நாலு லட்சம் ஏக்கரைத் தாண்டுகிறது. நம்ம தேங்காயும் இளநீரும் ஊர் ஊராகப் போகிறதே, அந்தத் தோப்புகளின் வேரில் இருப்பது இந்தத் தண்ணீர். குறை இல்லையா? இருக்கிறது. ஆயக்கட்டு, அதாவது பாசனப் பரப்பு, பெருகி, மண்டலம் மண்டலமாக முறை வைத்துத் திறக்கும் தண்ணீர் வருவதற்குள் பயிர் வாடுகிறது. கடைமடைக்காரர் மடை திறக்குமா என்று ராத்திரி முழுக்கக் காவல் இருக்கிறார். ஆனால் காத்திருக்க ஒரு வாய்க்கால் இருக்கிறது. எங்கள் அப்பாருக்கு அது இல்லை.

சரி, எதிரணி பெருமையாகச் சொன்ன பேருந்துகளுக்கே வருகிறேன். 1970-களின் தொடக்கத்தில் பேருந்துகள் நாட்டுடைமையாயின. ஏ.பி.டி.யின் பேருந்துகளும் அரசிடம் போயின. அவை ஓடிய தடங்களில் அரசின் சேரன் பேருந்து வந்தது. அதற்கு முன்பே, 1967-ஓடு, மகாலிங்கத்தின் சட்டமன்றக் காலமும் முடிந்துவிட்டது. பதவியும் இல்லை, பேருந்தும் இல்லை. அந்த வருடங்களிலும் திருமூர்த்தி அணையில் மதகைத் தூக்கினார்கள், முறைத் தண்ணீர் எங்கள் காட்டுக்கு வந்தது.

நன்றி, வணக்கம்.