நாய்வீட்டுக்கு அரண்மனை அந்தஸ்து! 700 வருடப் பழைய ஐட்டம் மோட்

[காட்சி: கல் பாவிய முற்றம். ஓர் ஓரத்தில் கூரை போட்ட குட்டி வீடு. கேமரா மெதுவாக நெருங்குகிறது.]

வணக்கம் மக்களே! இதோ தெரிகிறதே, இது ஒரு நாய்வீடு. பக்கிங்ஹாம் அரண்மனையும் இதுவும் இங்கிலாந்தின் பாதுகாக்கப்பட்ட கட்டடங்கள் பட்டியலில் ஒரே வகுப்பு. கிரேடு 1! விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வீடியோவை நிறுத்திவிட்டுத் தேடிப் பார்த்துவிட்டே வாருங்கள், காத்திருக்கிறேன்.

வந்தாச்சா? சரி. நாம் நிற்பது கென்ட் பகுதியில், செவனோக்ஸ் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் ஐட்டம் மோட் என்ற மாளிகையில். எழுத்துக்கூட்டிப் படித்தால் 'இக்தம்' என்று வரும். ஆனால் உச்சரிப்பு ஐட்டம்தான். கமெண்டில் என்ன எழுதப்போகிறீர்கள் என்று தெரியும், வேண்டாம்.

வரலாற்றை வேகமாக முடித்துவிடுகிறேன். கட்டியது 1320-களில். எப்படித் தெரியும்? உத்தரங்களில் உள்ள மர வளையங்களை எண்ணியே கண்டுபிடித்துவிட்டார்கள். சுற்றிலும் அகழி, நடுவில் முற்றம், நான்கு பக்கமும் எழுபதுக்கு மேற்பட்ட அறைகள். 1591-இல் செல்பி குடும்பத்தின் கைக்கு வந்து, கிட்டத்தட்ட 300 வருடம் அவர்களிடமே இருந்தது. முடிந்தது வரலாறு.

[காட்சி: மறுபடியும் நாய்வீடு.]

இப்போது முக்கியமான ஆளுக்கு வருவோம். பெயர் டைடோ. செயின்ட் பெர்னார்ட் ஜாதி. ஆல்ப்ஸ் மலைப் பனியில் சிக்கியவர்களைத் தேடிப் பிடிக்க வளர்த்தார்களே, கன்றுக்குட்டி சைஸில் இருக்குமே, அந்த நாய். 1890-களில் அதற்காகக் கட்டிய வீடு இது. குனிந்து எட்டிப் பார்த்தேன். சென்னையில் நான் தங்கியிருந்த பேச்சிலர் ரூமில் இந்த அளவுக்குக் காற்றோட்டம் கிடையாது. வாடகை வேறு!

கிரேடு 1 என்றால் சும்மா இல்லை. பட்டியலில் உள்ள கட்டடங்களில் நூற்றுக்கு இரண்டரைதான் அந்த வகுப்பில் வரும். பெரிய பெரிய தேவாலயங்களே அதற்குக் கீழே நிற்கின்றன. இங்கே டைடோ வால் ஆட்டிக்கொண்டே உள்ளே போய்விட்டது. கிரேடு 1 பெற்ற நாய்வீடு இங்கிலாந்திலேயே இது ஒன்றுதான் என்று சொல்கிறார்கள். பழைய வீட்டின் முற்றத்திலேயே நிற்பதால் அந்த மரியாதை இதற்கும் ஒட்டிக்கொண்டது என்பது என் கணிப்பு. பூவோடு சேர்ந்த நார்!

அப்புறம் அந்தத் தேவாலய அறை. மேலே பாருங்கள்.

[காட்சி: வளைந்த மரக்கூரை. நிறம் மங்கிய ஓவியங்கள்.]

இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றி காலத்து வேலை. ரோஜா, ஹென்றி குடும்பத்தின் சின்னம். பக்கத்தில் கோட்டையும் அம்புக்கட்டும் தெரிகிறதா? அவை முதல் மனைவி கேத்தரினின் பிறந்த வீட்டுச் சின்னங்கள். 1521-இல் இந்த வீட்டை வாங்கிய ரிச்சர்ட் கிளெமென்ட் அரசவையில் வேலை பார்த்தவர். மேலதிகாரியைக் குளிர்விக்க வேண்டாமா? ஆனால் 1533-இல் அந்தத் திருமணமே செல்லாது என்று தீர்ப்பாகிவிட்டது. கூரை மட்டும் அப்படியே இருக்கிறது. மாப்பிள்ளையும் பெண்ணும் பிரிந்த பிறகும் கல்யாண பேனரைக் கழற்றாத மண்டபம் மாதிரி!

ஏன் கழற்றவில்லை? எனக்குத் தோன்றுவது இதுதான். இந்த வீட்டுக்காரர்களிடம் வசதி இருந்தது, ஆனால் எல்லாவற்றையும் இடித்துவிட்டு வெள்ளைத் தூண் வைத்த அரண்மனை கட்டும் அளவுக்கு இல்லை. ஒரு அறையைச் சேர்ப்பார்கள், ஒரு ஜன்னலை மாற்றுவார்கள், அவ்வளவுதான். கையைக் கடித்ததால் தப்பித்த வீடு. நம்ம ஊரிலும் அண்ணன் தம்பி பாகப்பிரிவினை இழுத்துக்கொண்டே போனதால் இடிபடாமல் நிற்கும் வீடுகளைப் பார்த்திருப்பீர்கள்.

சுவருக்குள் எலும்புக்கூடு, பேய்க்கதை எல்லாம் உண்டு. அதற்கு வேறு சேனல்கள் இருக்கின்றன.

1950-களின் தொடக்கத்தில் வீடு விற்பனைக்கு வந்தபோது, இதைக் காப்பாற்ற உள்ளூர்க்காரர்கள் மூன்று பேர் சேர்ந்து வாங்கினார்கள். 1953-இல் அவர்களிடமிருந்து வாங்கியவர் சார்லஸ் ஹென்றி ராபின்சன் என்ற அமெரிக்கர். இறந்தபோது, 1985-இல், பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்புக்கு எழுதிவைத்துவிட்டுப் போனார். அவர்கள் பழுதுபார்க்க, 1989-இல் தொடங்கி வீட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, எடுத்த கல்லுக்கும் கட்டைக்கும் எண் போட்டு, திரும்ப அடுக்கி முடிக்க 2004 ஆகிவிட்டது. செலவு ஒரு கோடி பவுண்டுக்கு மேல்.

ராபின்சனைப் பற்றி ஒரே ஒரு விஷயம். வரிக் கணக்குக்குப் பயந்து மனிதர் வருடத்தில் 14 வாரம்தான் இங்கே தங்குவாராம். ஆசைப்பட்டு வாங்கிய வீட்டில் விருந்தாளி மாதிரி!

[காட்சி: நிலவறைக்கு வெளியே கற்சுவர்.]

அவருடைய சாம்பல் இந்தச் சுவருக்குள்தான் இருக்கிறது. இப்போது 52 வாரமும் இங்கேதான், வரியும் கிடையாது.