பெயர்க் கட்டமே இல்லாத படிவம்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் அலெக்ஸ் ஹேலி, தன் சொந்த முன்னோரின் கதை என்று சொல்லி 1976இல் எழுதிய 'ரூட்ஸ்' நாவல், நம் ஊரில் 'ஏழு தலைமுறைகள்' என்ற பெயரில் படித்தோமே, அது வாசகரை ஏமாற்றியதா, எழுப்பியதா? எழுப்பியதே என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணிச் சகோதரி கோப்பும் கையுமாக வந்து வழக்கறிஞர் மாதிரி வெளுத்து வாங்கிவிட்டார். ஆப்பிரிக்காவில் காம்பியாவின் ஜுஃபூரே கிராமத்தில் அடிமையாகப் பிடிபட்ட குண்டா கிண்டே 1767இல் அமெரிக்காவின் அனாபொலிஸில் கப்பலிறங்கி 'டோபி' ஆக்கப்பட்டார் என்கிறது நாவல். அந்த டோபி அதற்கு முன்பே வர்ஜீனியாவில் எஜமானரான வாலர் குடும்பத்து ஆவணங்களில் இருக்கிறாரே என்றார். இருக்கிறார், அம்மா. ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள். வேறொருவரின் நாவலிலிருந்து சில பகுதிகளை எடுத்துவிட்டு, 1978இல் 6,50,000 டாலர் கொடுத்து ஹேலி வழக்கை முடித்துக்கொண்டார் என்றார். அதுவும் உண்மை. அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன், என்னால் அவ்வளவு ஃபீஸ் கேட்கவும் முடியாது.

ஆனால் இன்றைய தலைப்பில் கூண்டில் நிற்பவர் ஹேலி இல்லையே! வாசகருக்கு என்ன ஆயிற்று என்பதல்லவா கேள்வி?

"ஆவணம் எங்கே, ஆவணம் எங்கே" என்று சகோதரி எத்தனை முறை கேட்டார்! நடுவர் அவர்களே, அமெரிக்காவில் 1850லும் 1860லும் மக்கள்தொகைக் கணக்கெடுத்தபோது அடிமைகளுக்கென்று தனிப் படிவம் வைத்திருந்தார்கள். மேலே எஜமானின் பெயர். கீழே வயது, ஆணா பெண்ணா, நிறம். இப்படிச் சில விவரங்கள். பெயருக்குக் கட்டமே கிடையாது. நம் ஊர் மாட்டுச் சந்தையில்கூட "இவ லட்சுமிங்க" என்று பேர் சொல்லித்தான் கயிற்றைக் கை மாற்றுவார்கள். விடுதலையான மக்கள் எல்லோரையும் போலப் பெயரோடு பதிவானது 1870 கணக்கெடுப்பில்தான். அதற்குப் பின்னால் போக நினைத்தால் சுவர். பெயரை அழித்தவர் வைத்திருந்த கணக்குப் புத்தகத்தைக் கொண்டுவந்து, பாட்டி சொன்ன கதைக்குச் சாட்சி கேட்கிறீர்கள்!

டென்னசியில் ஹென்னிங் என்ற சிற்றூர். அங்கே வீட்டுத் திண்ணையில் பாட்டியும் பெரிய பாட்டிகளும் சொல்லக் கேட்டு வளர்ந்தவர் ஹேலி. 'கின்டே' என்று ஒரு பெயர், ஆற்றுக்கு 'காம்பி போலோங்கோ' என்று ஒரு சொல். இவ்வளவுதான் மிச்சம். நாவலில் குண்டாவின் அப்பா ஒமோரோ, பிறந்த பிள்ளையின் பெயரை முதலில் அதன் காதில்தான் சொல்வார். தான் யார் என்பது முதலில் அந்தப் பிள்ளைக்குத் தெரிய வேண்டுமாம். பேர் வைக்கிற அன்று காதில் மூன்று முறை சொல்கிற நமக்கு அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போக முடியுமா? பிறகு அதே பிள்ளையை 'டோபி' என்று கூப்பிடும்போது சுருக்கென்கிறதே, அதற்குப் பதிவேடு எதற்கு?

சரி, படித்தவர்கள் என்ன செய்தார்கள்? 1977 ஜனவரியில் எட்டு இரவுகள் தொடராக ஒளிபரப்பானது. கடைசி இரவு பார்த்தவர்கள் ஏறத்தாழ 10 கோடிப் பேர். பிறந்த பிள்ளைகளுக்கு நாவலில் வருகிற கிஸ்ஸி, குண்டா என்று பெயர் வைத்தார்கள். தேசிய ஆவணக் காப்பகத்தில் முன்னோரைத் தேடும் கடிதங்கள் குவிந்தன. ஆப்பிரிக்க அமெரிக்கர்களின் வம்சாவளி தேடுவதற்கென்றே அதே ஆண்டு வாஷிங்டனில் ஒரு சங்கம் தொடங்கினார்கள். ஏமாந்தவன் தலையில் கை வைத்து உட்காருவான். இவர்களோ பதிவேட்டைப் புரட்டப் போனார்கள்! எதிரணி இன்று மெச்சுகிற அந்தப் பழக்கத்தைச் சாதாரணக் குடும்பங்களுக்குள் கொண்டு போனதில் இந்த நாவலுக்குப் பெரிய பங்கு உண்டு, சகோதரி.

மணி அடிக்கிறார் நடுவர். ஒரே ஒரு சேதி. 1981இல் அனாபொலிஸ் துறைமுகத்தில் குண்டா கிண்டே நினைவாக ஒரு பலகை பதித்தார்கள். இரண்டே நாளில் யாரோ பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். இரண்டு மாதத்துக்குள் வேறு பலகை வந்துவிட்டது, அது வேறு விஷயம். எதிரணி சொல்கிற மாதிரி இது வெறும் கட்டுக்கதை என்றால், திருட்டுத்தனமாக வந்து அந்தப் பலகையைப் பெயர்த்தவனுக்கு அப்படி என்ன பயம்? அடுத்துப் பேச வருகிற எதிரணி நண்பர் முதலில் இதற்குப் பதில் சொல்லட்டும்.