உழுதவரின் கேள்வி

பெரியவர்களுக்கும், களை பறித்துவிட்டு நேராக இங்கே வந்திருக்கும் தாய்மார்களுக்கும் வணக்கம். நம்மூர் நூலகத்தை மாலையிலும் திறக்க வேண்டும் என்று கேட்கத்தான் கூடியிருக்கிறோம்.

கிராமத்தில் படிக்கிறவனுக்கு ஒரு பேறு உண்டு. காலையில் படித்ததை, அந்த வேலையையே செய்கிறவரிடம் மாலைக்குள் கேட்டுவிடலாம். உழவு அதிகாரத்தில் வள்ளுவர் சொல்கிறார்:

‘தொடிப்புழுதி கஃசா உணக்கின் பிடித்தெருவும்
வேண்டாது சாலப் படும்.’

ஒரு பலம் (பலம் என்பது பழைய எடை அளவு) புழுதி கால் பலமாகும்படி காயவிட்டால், ஒரு பிடி எருவும் இல்லாமல் பயிர் செழிக்கும் என்பது உரை. பள்ளியில் மதிப்பெண்ணுக்காக நாம் எல்லோரும் ஒப்பித்ததுதான். நம்மூர்ப் பெரியவர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் தலையாட்டவில்லை. “கோடை உழவுக்குச் சரி. மண் காய்ந்தால் களை சாகும், புழு சாகும். சேறடித்து நடுகிற வயலுக்கு இது எப்படிப் பொருந்தும்? எருவே வேண்டாம் என்றால் நான் ஒப்ப மாட்டேன்” என்றார்.

அந்தக் கேள்வியோடு வீட்டுக்கு வந்து புத்தகத்தை விரித்தால், அடுத்த குறளே ‘ஏரினும் நன்றால் எருஇடுதல்’ என்று தொடங்குகிறது! உழுவதைவிட எருவிடுவது நல்லது என்கிறார் அதே வள்ளுவர். இரண்டு குறளையும் பக்கத்தில் வைத்து இரவெல்லாம் யோசித்தேன். யோசிக்க வைத்தது உரைநூல் அன்று, அந்த உழவர். இப்படிக் கேட்கத் தெரிந்தவர்களின் கைக்கு அல்லவா புத்தகம் போய்ச் சேர வேண்டும்!

நம் பக்கத்து மன்னார்குடியில் அதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். 1931-இல் கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியிலேயே ஒரு நூலகம் அமைத்தார். அதைத் தொடங்கி வைத்தவர் சீர்காழியில் பிறந்த ரங்கநாதன். நூலக இயலுக்கு அவர் வகுத்த ஐந்து விதிகள் நூலாக வெளிவந்ததும் அதே ஆண்டில்தான். அவற்றில் முதல் விதி, ‘நூல்கள் பயன்படுத்துவதற்கே’. ஆள் இருக்கும் இடத்துக்குப் புத்தகம் போயிற்று. எத்தனை பெரிய மனம்!

இன்று நம்மூரில் கட்டடம் இருக்கிறது, அலமாரி நிறையப் புத்தகம் இருக்கிறது. ஆனால் அது திறந்திருக்கும் நேரத்தில் நாம் வயலில் இருக்கிறோம். 1948-ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டம் வந்ததிலிருந்து வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டி வருகிறோம். ஆகவே இது சலுகை கேட்பது ஆகாது. மாலை ஆறு முதல் எட்டு வரை நூலகத்தைத் திறந்து வைக்கக் கோரும் மனு அந்த மேசையில் இருக்கிறது. கையெழுத்துப் போடுங்கள். எழுதத் தெரியாதவர்கள் கைநாட்டு வைக்கலாம். நூலகத்தில் அவர்களுக்கு உட்கார்ந்து புத்தகம் வாசித்துக் காட்ட நம் பள்ளிப் பிள்ளைகள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.