மழையில் பிடிக்கும் டயர்

கோவை வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் பெரும்பாலோர் வீட்டில் ஒரு ஸ்கூட்டரோ, 100 சிசி பைக்கோதான் நிற்கும். நான் பேசப்போவது 1000 சிசி ஸ்போர்ட்ஸ் பைக்குகளுக்கு எந்த டயர் போடுவது என்பதைப் பற்றி. நமக்கென்ன என்று வானொலியை அணைத்துவிடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் பொள்ளாச்சி ரோட்டில் அந்த வண்டிகள் போகும் சத்தம் உங்கள் வீட்டுக்கும் கேட்டிருக்கும். அதில் ஒன்றை ஓட்டுவது உங்கள் அண்ணன் மகனாக இருக்கலாம். மேலும், ரப்பர் எல்லா வண்டியிலும் ஒரே மாதிரிதான் நடந்துகொள்கிறது. பெரிய வண்டியில் தவறு சீக்கிரம் தெரிந்துவிடும்.

இப்போது உங்கள் உள்ளங்கையை ஒரு முறை பாருங்கள். ஓடிக்கொண்டிருக்கும் பைக்கின் ஒரு டயர் தரையைத் தொடுவது ஏறக்குறைய அவ்வளவு இடத்தில்தான். முன்னால் ஓர் உள்ளங்கை, பின்னால் ஓர் உள்ளங்கை. 140 குதிரைத்திறன் எஞ்சின், ஓட்டுபவரையும் சேர்த்து 300 கிலோ எடை, பிரேக், திருப்பம் எல்லாவற்றையும் அந்த இரண்டு உள்ளங்கைகள்தான் தாங்குகின்றன. பல லட்சம் கொடுத்து வண்டி வாங்குகிறவர்கள் சைலன்சருக்கு ஒரு மாதம் அலைகிறார்கள். டயருக்குக் கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததை மாட்டிக்கொண்டு வருகிறார்கள். நானும் அப்படித்தான் மாட்டிக்கொண்டு வந்தேன். அந்தக் கதையைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

சில வருடங்களுக்கு முன், ஒரு ஜூலை மாதம். வண்டிக்குப் புது டயர் போட்டு இரண்டு வாரம் ஆகியிருந்தது. பந்தயத் தடத்துக்கும் சாலைக்கும் பொதுவானது என்று சொல்லிக் கொடுத்த டயர். தொட்டால் மெழுகு மாதிரி இருக்கும். பட்டன், அதாவது டயரில் வெட்டியிருக்கும் வரிகள், மிகக் குறைவு. நடுவில் இரண்டு கோடு, ஓரம் முழுக்க வழவழப்பு. பார்க்க அத்தனை அழகு. காலை ஆறு மணிக்குப் பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்குக் கிளம்பினோம், இரண்டு வண்டி. ஆழியாறு அணை வரை சாலை காய்ந்திருந்தது. குரங்கு அருவி தாண்டியதும் தூறல். அட்டகட்டி வருவதற்குள் நல்ல மழை.

அந்தச் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது ஒன்றும் ஆகவில்லை. இதைக் கவனியுங்கள், ஏறும்போது ஒன்றும் ஆகவில்லை. எஞ்சின் இழுத்துக்கொண்டே போகும்போது பின் டயராவது வேலை செய்து கொஞ்சம் சூடாக இருந்தது. மேலே ஒரு டீக்கடையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் மழைக்கு ஒதுங்கி நின்றோம். இரண்டு டயரும் அந்தக் குளிரில் நனைந்தபடி நின்றன. மழை விட்டதும் இறங்கினோம். சாலை ஈரம், மேலே பனிமூட்டம். வேகம் 30 கூட இருக்காது. மூன்றாவது கொண்டை ஊசியோ நாலாவதோ, வளைவுக்குள் லேசாக முன் பிரேக்கைத் தொட்டேன். முன் சக்கரம் மடங்கியது. அடுத்த நொடி நான் தரையில். வண்டி எனக்கு முன்னால் சறுக்கிப் போய் மண் திட்டில் முட்டி நின்றது. இடது மணிக்கட்டில் விரிசல்.

தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போன பிக்கப் வண்டி ஒன்று நின்றது. நாலைந்து பேர் இறங்கி வண்டியைத் தூக்கி நிறுத்தினார்கள். அவர்களில் ஓர் அம்மா, அறுபது வயது இருக்கும், கூடையைக் கீழே வைத்துவிட்டு முன் டயரைக் கையால் தடவிப் பார்த்தார். "ஏம்ப்பா, டயரு புதுசாத்தானே இருக்கு, பொறவு எப்படி வழுக்குச்சு?" என்று கேட்டார்.

என்னிடம் பதில் இல்லை. ஆறு வாரம் கையில் கட்டோடு வீட்டில் இருந்தபோது அந்தக் கேள்வியைத்தான் சுமந்துகொண்டிருந்தேன். மொட்டை டயர் வழுக்கும், எல்லோருக்கும் தெரியும். புது டயர் ஏன் வழுக்கியது?

மார்கழி மாதத்தில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைப் பார்த்திருப்பீர்கள். காலையில் உறைந்து கிடக்கும். பக்கத்திலேயே இருக்கும் நல்லெண்ணெய் எப்போதும்போல ஊற்றும். அலமாரி ஒன்று, குளிர் ஒன்று, எண்ணெய் வேறு. டயர் ரப்பரும் அப்படித்தான். சாலையின் ஜல்லி மேடு பள்ளத்துக்குள் ரப்பர் நெளிந்து இறங்கினால்தான் பிடிப்பு. பந்தய ரக ரப்பர் நல்ல சூட்டில்தான் அப்படி நெளியும். பந்தயத்தில் வண்டி தடத்தில் இறங்கும் முன்பே டயருக்கு மின்சாரப் போர்வை போர்த்தி 80 டிகிரிக்கு மேல் ஏற்றிவிடுவார்கள். இருங்காட்டுக்கோட்டைக்குப் பந்தயம் பார்க்கப் போனவர்கள் பார்த்திருக்கலாம். வால்பாறை மழையில், 30 கிலோமீட்டர் வேகத்தில், அந்தச் சூட்டுக்கு எங்கே போவது? சாலையில் ஓடும் தண்ணீர் இருக்கிற சூட்டையும் வாங்கிக்கொண்டு போகிறது. என் டயர் அன்று மார்கழி மாதத் தேங்காய் எண்ணெய். புதிதாகத்தான் இருந்தது, ஆனால் உறைந்திருந்தது. அந்த அம்மாவுக்கு இதுதான் பதில்.

அப்படியானால் நல்லெண்ணெய் எது? கடைகளில் 'ஸ்போர்ட் டூரிங்' என்று கேளுங்கள். இன்று நான் சொல்ல வந்ததே இந்த ஒரு சொல்தான். பலமான ஸ்போர்ட்ஸ் பைக் வைத்திருந்து, வெயிலிலும் மழையிலும் சாலையில்தான் ஓட்டுகிறீர்கள் என்றால் உங்களுக்கு வேண்டியது ஸ்போர்ட் டூரிங் டயர். புது வண்டியோடு வரும் டயர் பெரும்பாலும் அதைவிட ஒரு படி பந்தயப் பக்கம் சாய்ந்தது. அதை 'ஹைப்பர்ஸ்போர்ட்' என்பார்கள். சுசுகி ஹயபுசாவில் கம்பெனியே போட்டுத் தருவது பிரிட்ஜ்ஸ்டோன் எஸ்22, அந்த ரகம். காய்ந்த சாலையில் அருமையான டயர். அது தேய்ந்து மாற்றும்போது எதற்கு மாறுவது என்பதுதான் கேள்வி.

ஸ்போர்ட் டூரிங் டயரில் என்ன செய்திருக்கிறார்கள்? ரப்பரில் கரிப்புகையோடு சிலிக்காவை நிறையச் சேர்க்கிறார்கள். கரிப்புகைதான் டயருக்குக் கறுப்பு நிறமும் உறுதியும் கொடுப்பது. சிலிக்கா என்றால் ஆற்று மணலில் இருக்கிறதே, அதே சேர்மம், மிக நுண்ணிய பொடியாக. ரப்பரும் சிலிக்காவும் தாமாக ஒட்டாது. இடையில் சிலேன் என்ற ஒரு பொருள் இரண்டையும் கட்டிப்போடுகிறது. இப்படிச் செய்த ரப்பர் குளிரிலும் ஈரத்திலும் நெளிவு குறையாமல் இருக்கிறது. 1990களில் கார் டயரில் பெரிதாகத் தொடங்கிய இந்த வேலை பிறகு பைக்குக்கு வந்தது. மழையில் பைக் ஓட்டுவது இன்று முன்னைவிடப் பாதுகாப்பாக இருப்பதற்குப் பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் அளவுக்கு இந்த மணல் பொடியும் காரணம் என்பது என் எண்ணம்.

அடுத்தது பட்டன், அந்த வரிகள். வரி பிடிப்புக் கொடுக்காது. தண்ணீருக்கு வழி விடும். தண்ணீர் விலகினால்தான் ரப்பர் தரையைத் தொட முடியும். ஸ்போர்ட் டூரிங் டயரின் நடுப்பகுதியிலிருந்து ஓரம் நோக்கி நீண்ட வரிகள் போகும். ஆனால் கடைசி ஓரத்தில் வரியே இருக்காது. அங்கே ஏன் வெட்டவில்லை என்று கேட்கிறவர்கள் உண்டு. மழையில் வண்டியை அவ்வளவு சாய்க்க மாட்டீர்கள். அந்த ஓரம் தரையைத் தொடுவது காய்ந்த சாலையில்தான். அதனால் அங்கே முழு ரப்பரை விட்டிருக்கிறார்கள். பல டயர்களில் நடுப்பகுதிக்குக் கெட்டியான ரப்பரும் ஓரத்துக்கு மிருதுவான ரப்பரும் வைக்கிறார்கள். அவினாசி தாண்டி நாற்கரச் சாலையில் நேராகவே ஓட்டினால் பின் டயர் நடுவில் மட்டும் தேய்ந்து தட்டையாகிவிடும். அப்புறம் வளைவில் சாயும்போது வண்டி படிக்கட்டில் இறங்குவது போல ஒரு குதி குதிக்கும். நடுவில் கெட்டி ரப்பர் இருந்தால் அது தள்ளிப்போகும். என் வண்டியில் அந்தப் பழைய பின் டயர் 4,000 கிலோமீட்டரில் முடிந்தது. இப்போது போட்டிருப்பது 11,000 தாண்டி ஓடுகிறது.

"நம்ம ஊர் வெயிலுக்கு ரேஸ் டயர் தானாகச் சூடாகிவிடுமே" என்று இளைஞர்கள் என்னிடம் வாதாடுவார்கள். மே மாதக் கரூர் ரோட்டில் ஓரளவு உண்மைதான். ஆனால் அதே மே மாதத்தில் சாயங்காலம் கோடை மழை கொட்டுகிறதே? பல வாரம் காய்ந்து கிடந்த சாலையில் முதல் மழை விழும்போது எண்ணெய்ப் பிசுக்கும் புழுதியும் மேலே மிதந்து வரும். அந்த முதல் அரை மணி நேரம், அடைமழையைவிட மோசம். அப்புறம் வெள்ளைக் கோடு, பாலத்து இரும்பு இணைப்பு, டிப்பர் லாரி சிந்திய எம்-சாண்ட், சாலையில் காயப்போட்ட சோளம். கிராமத்து ரோட்டில் போகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த இடங்களில் எந்த டயரும் தடுமாறும். குளிர்ந்த ரப்பராலும் பிடிக்கிற டயர் என்றால் வண்டி லேசாக நழுவி உங்களுக்கு முன்கூட்டியே சொல்லும். என்னுடையது சொல்லவில்லை. நேராகத் தரையில் போட்டது.

எலக்ட்ரானிக் கட்டுப்பாடு இருக்கிறதே என்பார்கள் இன்னும் சிலர். டிராக்‌ஷன் கன்ட்ரோல் பின் சக்கரம் வழுக்கிச் சுழன்றால் எஞ்சின் பலத்தைக் குறைக்கும். ரப்பரை மிருதுவாக்க அதனால் முடியாது. அன்று என் வண்டியிலும் இருந்தது.

எந்தக் கம்பெனி வாங்குவது? மிஷலின் ரோடு 6, பைரெல்லி ஏஞ்சல் ஜிடி 2, பிரிட்ஜ்ஸ்டோன் டி32, மெட்செலர் ரோடுடெக் 01, எல்லாம் இந்த ரகம்தான். அவற்றுக்குள் வித்தியாசம் குறைவு. ரகத்துக்கு ரகம் இருக்கிற வித்தியாசம்தான் பெரியது. 2020 ஜூனில் டயர் இறக்குமதிக்கு மத்திய அரசு கட்டுப்பாடு கொண்டுவந்த பிறகு சில அளவுகள் கிடைக்காமல் அலைய வேண்டியிருந்தது. அதில் ஒரு நல்லதும் நடந்தது, நம் ஊர்க்காரர்கள் இந்தப் பக்கம் தீவிரமாக வந்தார்கள். மதுரையைச் சேர்ந்த டிவிஎஸ் யூரோகிரிப் 'ரோட்ஹவுண்ட்' என்று இதே ரகத்தில் டயர் செய்கிறது. உங்கள் அளவில் இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கலாம். முன்னும் பின்னும் ஒரே கம்பெனியின் ஒரே மாதிரியாக வாங்குங்கள்.

அளவைப் பற்றிச் சொல்லும்போது ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். டயரின் பக்கவாட்டில் 190/50 ZR17 என்று எழுதியிருக்கும். 190 என்பது மில்லிமீட்டரில் அகலம். 50 என்றால் உயரம் அந்த அகலத்தில் பாதி. 17 என்பது ரிம்மின் அங்குலம். பக்கத்தில் 73W என்று இருந்தால் அந்த டயர் 365 கிலோ தாங்கும், 270 கிலோமீட்டர் வேகம் வரை ஓடும் என்று பொருள். உங்கள் வண்டிப் புத்தகத்தில் என்ன இருக்கிறதோ அதையே வாங்குங்கள். 190 இருந்த இடத்தில் 200 போட்டால் பிடிப்புக் கூடும் என்று நம்புகிறார்கள். கூடாது. ரிம் அதே அகலம்தானே? அகலமான டயரை அதில் நெருக்கினால் நடுப்பகுதி கூம்பி நிற்கும். வண்டி திரும்பும் விதமே மாறிவிடும். 150 சிசி வண்டிக்குத் தடித்த டயர் மாட்டித் தரச் சொல்லி கடையில் நிற்கிற தம்பிகளே, இது உங்களுக்கும்தான். பார்க்க நன்றாக இருக்கும். வளைவில் நீங்கள்தான் மல்லுக்கட்ட வேண்டும்.

இன்னொன்று, தேதி. பக்கவாட்டில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். 2324 என்றால் 2024ஆம் வருடத்தின் 23ஆவது வாரம் செய்தது. பெரிய அளவு டயர் நம் ஊரில் மெதுவாகத்தான் விற்கும். கடையில் மூன்று நான்கு வருடம் உட்கார்ந்திருக்கும். பணம் கொடுப்பதற்கு முன் அந்த நாலு இலக்கத்தைப் படியுங்கள். கூச்சப்பட வேண்டாம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கை காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம்தான் இருக்கிறது. காற்றைப் பற்றிப் பேசத்தான் நிறைய வைத்திருந்தேன். வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இந்த அளவு வண்டிகள் பலவற்றுக்கு முன்னால் 36 பாயின்ட், பின்னால் 42 பாயின்ட். உங்கள் வண்டியின் புத்தகத்தைப் பாருங்கள். மழையில் காற்றைக் குறைத்தால் பிடிப்பு வரும் என்று சொல்வதைக் கேட்காதீர்கள். குறைத்தால் வரிகள் அமுங்கி மூடிக்கொள்ளும், தண்ணீர் போக வழி இருக்காது. காலையில், வண்டி எடுப்பதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். வெப்பம் பத்து டிகிரி ஏறினாலே ஒன்றரை பாயின்ட் கூடக் காட்டும். பங்க் மீட்டரை மட்டும் நம்ப வேண்டாம், சொந்தமாக ஒரு சின்ன மீட்டர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பஞ்சர்: நடுவில் ஆணி ஏறினால் பஞ்சர் போட்டு மெதுவாக வீடு வந்து சேரலாம். பக்கவாட்டில் ஏறினால் டயரையே மாற்ற வேண்டும். புது டயர் மாட்டியதும் முதல் 150 கிலோமீட்டர் வண்டியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்துப் பழக்குங்கள். மேற்பரப்பின் வழவழப்பு போக வேண்டும். அந்த 150 கிலோமீட்டரை மழை நாளில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

நன்றி, வணக்கம்.